மூடி கழற்றிய பூட்டு

கண்காட்சிக்குப் பூட்டு கொண்டுபோகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது மேஜையை. யார் திறந்துவைக்கிறார்கள், எத்தனை பேர் வருவார்கள், நம் ஸ்டால் எந்த வரிசையில் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கல்லூரிகளில் போடுகிற மடக்கு மேஜையில் பூட்டுகளை அடுக்கிவைக்கலாம். வைஸைப் பொருத்தி அரம் போட முடியாது. ஒவ்வொரு தள்ளுக்கும் மேஜை நகர்ந்துகொண்டே போகும், மேலே வைத்த சாவிகள் சரிந்து விழும். அதனால் திண்டுக்கல் நாகல் நகர்ப் பட்டறையிலிருந்து கிளம்பும்போதே என் வேலைப்பலகையையும் குட்டியானையில் ஏற்றிவிடுவேன். வேம்பில் செய்த பலகை. இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும்.

வைஸின் வாய், வேலை செய்கிறவரின் முழங்கை உயரத்துக்கு நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் தோள் கடுக்கும். கீழே போனால் அரம் சாய்ந்து, தட்டையாக வரவேண்டிய விளிம்பு உருண்டுபோகும். கண்காட்சியில் அரம் பிடிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகளும்தான் என்பதால், ஏறி நிற்க ஒரு மரப்பெட்டியும் கூட வரும். பலகைக்கு அடியில் கோணி விரித்துவிடுவேன். இரும்புத்தூள் சிந்தினால் காந்தத்தை வைத்து எடுத்துவிடலாம். பித்தளைத்தூள் காந்தத்துக்கு வராது. புல்லில் விழுந்தால் செருப்பில்லாத பிள்ளைகளின் காலில் ஏறும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கல்லூரி வளாகங்களில் நடக்கும் கண்காட்சி நாட்களில் பொருள்கள் வந்துவிடுகின்றன, வேலை வருவதில்லை. பட்டுத் துணியில் பூட்டைக் கிடத்தி, பக்கத்தில் ஒரு அட்டையில் நாலு வரி எழுதிவைத்துவிட்டால் பார்க்கிறவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். பூட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவரைப் பத்து நிமிடம் நிற்கவைப்பது அரத்தின் சத்தம்தான்.

நான் விரும்பிப் போகிற இடம் காந்திகிராமப் பல்கலைக்கழக வளாகம். எங்கள் ஊரிலிருந்து மதுரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சின்னாளபட்டியும் அம்பாத்துரை ரயில் நிலையமும் பக்கத்திலேயே, பின்னால் சிறுமலை. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய இடம் அது. 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கையால் செய்கிற வேலையும் படிப்பும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று காந்தி சொன்ன ஆதாரக் கல்விதான் அதற்கு அஸ்திவாரம். அந்த வளாகத்தில் பட்டறைப் பலகையை இறக்கும்போது, இது இங்கே இருக்க வேண்டிய சாமான்தான் என்று மனதுக்குப் படும்.

கண்காட்சியைப் பற்றியும் காந்திக்குத் தெளிவான எண்ணம் இருந்தது. 1934-இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் உருவானது. அதை நடத்தும் பொறுப்பு ஜே.சி. குமரப்பாவிடம் வந்தது. 1936-இல் லக்னோவில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த கதர், கிராமத் தொழில் கண்காட்சியைக் காந்தியே திறந்துவைத்தார். நந்தலால் போஸ் அதை அலங்கரித்துக் கொடுத்தார். சாமான்களை மட்டும் வைத்துவிட்டுப் போகாமல் கைவினைஞர்கள் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்துகாட்டினார்கள். குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது நம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில்தான். அங்கே எரிந்த விளக்கின் வெளிச்சம் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் விழ வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமா. அவருக்கு இந்தக் கண்காட்சி விவகாரமே பிடிக்காது. "தொழில விரிச்சுப் போடாதடா மாப்ள. பூட்டோட வயித்தக் கிழிச்சுக் காட்டிட்டு அப்புறம் எவன்டா அத நம்பி வாங்குவான்?" என்பார். திண்டுக்கல்லில் பழைய பட்டறைக்காரர்கள் பலருடைய நினைப்பும் அதுதான். லீவர் வெட்டுகிறபோது வெளியாள் வந்தால் மேலே துணியைப் போட்டு மூடுவார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் கைமுறைதான் சோறு. ஆனாலும் நான் அவர் பேச்சை ஏற்கவில்லை. நல்ல லீவர் பூட்டுக்குப் பலம் அதன் உள்ளமைப்பு மறைந்திருப்பதால் வருவதில்லை என்பது அரம் பிடித்த கைக்குத் தெரியும். பலம் சாவியின் வெட்டில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தாலும், அந்த ஒரு சாவியின் வெட்டு தெரியாதவரை பூட்டு பூட்டுத்தான்.

அதனால் கண்காட்சிக்கென்றே ஒரு பூட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, மேலே கனமான அக்ரிலிக் தகட்டைத் திருகி வைத்திருக்கிறேன். எட்டு லீவர் பூட்டு, வழக்கமானதைவிட இரண்டு பங்கு பெரிது. சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். லீவர் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. ஒரு முனையில் ஆணி. அந்த ஆணியைச் சுற்றி அது ஏறி இறங்கும். மேலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். தகட்டின் நடுவே ஒரு திறப்பு, அந்தத் திறப்பில் குறுகலான ஒரு வழி. பூட்டின் கொண்டியைப் பிடித்திருக்கும் நாக்கில் ஒரு முளை உண்டு. அந்த முளை குறுகலான வழிக்குள் புகுந்தால்தான் நாக்கு பின்வாங்கும், கொண்டி விடுபடும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரைத் தூக்குகிறது. பல் குட்டையாக இருந்தால் லீவர் போதுமான உயரம் ஏறாது. நெட்டையாக இருந்தால் வேண்டியதைத் தாண்டி ஏறிவிடும். இரண்டிலும் முளை முட்டிக்கொண்டு நிற்கும். எட்டு லீவரும் ஒரே நேரத்தில் அதனதன் சரியான உயரத்துக்கு வந்தால்தான் எட்டு வழியும் நேர்கோட்டில் நிற்கும். ஏழு சரியாக வந்து ஒன்று ஒரு மயிரிழை பிசகினாலும் திறக்காது. இப்படி இரண்டு பக்கமும் தடுக்கிற லீவர் அமைப்புக்கு 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனை உலகம் சுற்றி எங்கள் ஊர்ப் பட்டறைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கையால் ராவிச் செய்கிறோம் என்பதே வித்தியாசம். கையால் செய்வதால்தான் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேர்வதில்லை.

காலையில் திறப்பு விழா. ரிப்பன், குத்துவிளக்கு, வரவேற்புரை. விருந்தினர்கள் வரிசையாக ஸ்டால்களைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சமயத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பேன். பெரியவர்களை மதிக்க வேண்டியதுதான். அவர்கள் போனபிறகு வளாகத்தின் வெளிக்கதவு திறந்து, பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் பேருந்துகள் வந்து நிற்கும் பாருங்கள், நாள் அங்கேதான் தொடங்குகிறது. சின்னாளபட்டியிலிருந்து வந்த சேலைக்காரர்கள், சிறுமலை வாழைப்பழம் வைத்திருப்பவர்கள், மூலிகைச் செடிகளை வரிசையாக அடுக்கிய மாணவிகள், சாண எரிவாயுக் கலத்தின் மாதிரியோடு நிற்கும் பையன்கள் என்று மரத்தடி முழுவதும் நிறைந்துவிடும்.

பிள்ளைகளிடம் பேசிப் புரியவைக்க நான் முயல்வதில்லை. மூடி கழற்றிய பூட்டையும் மூன்று சாவிகளையும் கையில் கொடுத்துவிடுவேன். மூன்றில் ஒன்றுதான் சரியானது. மற்ற இரண்டில் ஒன்றுக்கு நான்காவது பல் கொஞ்சம் குட்டை, இன்னொன்றுக்கு அதே பல் கொஞ்சம் நெட்டை. போட்டுத் திருப்புவார்கள், நிற்கும். "எது தடுக்குதுன்னு கண்டுபிடிங்க" என்று மட்டும் சொல்வேன். அக்ரிலிக்கில் மூக்கு படக் குனிந்து பார்ப்பார்கள். ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போதும், மற்றவர்களுக்கு அதுவே வாத்தியாராகிவிடும். "இங்க பாருடா, இது மட்டும் மேல போயிருச்சு!" என்று கத்துகிற சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து ஸ்டால்காரர்களே எழுந்து வருவார்கள்.

கல்லூரி மாணவர்களின் கேள்வி வேறு மாதிரி. கணக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, ஒவ்வொரு லீவருக்கும் எத்தனை உயரம் வைக்க முடியும் என்று கேட்டாள். கையால் ராவும்போது கண்ணுக்கும் விரலுக்கும் பிடிபடுகிற மாதிரி ஆறு உயரம் வைக்கலாம் என்றேன். அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஆறை எட்டு முறை பெருக்கிப் போட்டாள்: 16,79,616. "இத்தனை வேற வேற சாவியா அய்யா?" என்று அவளே மலைத்துப்போனாள். நடைமுறையில் அவ்வளவு வராது என்பதையும் சொன்னேன். எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில் இருக்கும் சாவியை யாரும் செய்யமாட்டார்கள். ஒரு ஆணியை வளைத்தே அதைத் திறந்துவிடலாம். ரொம்பக் குட்டைப் பல்லுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நெட்டைப் பல் வந்தால் சாவி அந்த இடத்தில் பலவீனமாகும். இவற்றையெல்லாம் தள்ளினாலும் மிச்சம் இருப்பது ஒரு ஊருக்கே போதும். என் தொழிலின் கணக்கை அவள் எழுதிக் காட்டியபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அந்த அழைப்பிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பூட்டுக்கும் கண்காட்சிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்ன கதை அது. பிறகு என் மகள் தேடித்தர முழுவதும் படித்தேன். 1851-இல் லண்டனில் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து ஏ.சி. ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்திருந்தார். அன்றைக்கு இங்கிலாந்தில் சப் நிறுவனத்தின் பூட்டுதான் பெரிது. கள்ளச்சாவியால் லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும், உரிமையாளர் வந்து பார்த்ததும் விஷயம் தெரிந்துவிடும். காட்டிக்கொடுக்கும் அந்த அமைப்பையே ஹாப்ஸ் துணையாக வைத்து, சாட்சிகள் முன்னிலையில் இருபத்தைந்து நிமிடத்தில் திறந்தார். அடுத்தது பிராமா பூட்டு. அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் லண்டனில் ஒரு கடை ஜன்னலில் தொங்கியது. பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்து ஹாப்ஸ் அதையும் திறந்தார்.

பூட்டின் குறையைப் பகிரங்கமாகக் காட்டலாமா, திருடனுக்கு அது உதவாதா என்று அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. திருடனுக்கு அது முன்னமே தெரியும், தெரியாமல் இருப்பவர் பூட்டை நம்பி வாங்குகிறவர்தான் என்பது ஹாப்ஸின் பக்கம். அந்தச் சர்ச்சைக்குப் பிறகு பூட்டுக்காரர்கள் லீவர்களை இன்னும் கவனமாகச் செய்யத் தொடங்கினார்கள். என் மாமா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா தெரியாது. கேட்டிருப்பார்.

தந்திரப் பூட்டு வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். அதில் சாவித்துளை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பூட்டின் முகத்தில் அலங்காரம்போல இருக்கும் ஒரு குமிழைச் சரியான பக்கம் தள்ளினால்தான் துளை வெளிப்படும். இரண்டு சாவியை மாறி மாறிப் போட்டுத் திறக்க வேண்டியது இன்னொன்று. கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனாலும் மதியம் வரை அதை நான் வெளியே எடுப்பதில்லை. அதை முதலில் பார்த்தவர்கள் வேறு எதையும் பார்க்கமாட்டார்கள். குமிழ் எங்கே என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. லீவர் பூட்டு அப்படித் தீர்ந்துபோகாது. செய்த கைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, தந்திரப் பூட்டு செய்வதற்கு அபாரமான பொறுமை வேண்டும். கல்லூரியில் எதை முன்னால் வைப்பது என்பதில் எனக்கு இந்தப் பிடிவாதம் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்கள். பல்கலைக்கழகத்தில் இன்றைக்கு எல்லாருக்கும் அனுமதி என்று கேள்விப்பட்டு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பூட்டுக்காரர் வந்திருக்கிறார் என்ற பேச்சு எப்படியோ பரவி, மோட்டார் அறைப் பூட்டு, மாட்டுக்கொட்டில் பூட்டு, சாவி தொலைந்த பூட்டு என்று மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்துவிடுவார்கள். விழா நடத்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம். கண்காட்சி ரிப்பேர் கடையாகிவிடுகிறதே என்று நினைப்பார்கள். நான் அவர்களிடம், இருக்கட்டும், இதைவிடப் பெரிய கண்காட்சி எது என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை ஒரு அம்மா பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மாங்காய் வடிவத்தில் உடம்பு, கனத்த கொண்டி. அவருடைய மாமியார் காலத்து நெல் குதிர் அறைக்குப் போட்டிருந்தது; பூட்டியபடியே கழன்று வந்துவிட்டது, சாவி இல்லை. "ஒடைக்கச் சொல்றாங்கய்யா. எனக்கு மனசு வரல" என்றார். தட்டிப் பார்த்தேன், உள்ளே ஸ்பிரிங் உயிரோடு இருந்தது. முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பிறகு வெட்டாத சாவித் தகடு ஒன்றை எடுத்து, விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பேற்றி, துளைக்குள் விட்டு மெதுவாகத் திருப்பினேன். வெளியே எடுத்தால் புகைக் கறுப்பில் லீவர்கள் உரசிய தடம் மெல்லிய கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு அழுத்தமாக இருக்கிறதோ அங்கே அரம் போட வேண்டும். மறுபடி புகை, மறுபடி திருப்பல், மறுபடி அரம். வேகமாகச் செய்தால் ஒரு பல் அதிகமாகத் தேய்ந்து எல்லாம் வீணாகும். மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. அந்தப் பெரிய பூட்டில் அவர்கள் காலையில் கண்ணால் பார்த்ததை இப்போது நான் பார்க்காமல் விரலால் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. கொண்டி 'டக்'கென்று விடுபட்டபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாவியை எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

விலை பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். எட்டு லீவர் பூட்டு ஒன்றை ஒரு ஆள் ஒழுங்காகச் செய்து முடிக்க ஒரு முழுநாள் ஆகும், சில சமயம் மறுநாள் காலையும் பிடிக்கும். இயந்திரத்தில் அச்சடித்து வருகிற அலிகார் பூட்டின் விலைக்கு அதைக் கொடுக்க வழியே இல்லை. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-லேயே பூட்டுத் தொழிலில் இறங்கி, இயந்திர வேலைக்குப் போய்விட்டார். அவர்களோடு விலையில் போட்டிபோட எங்கள் பட்டறைகளால் முடியாது. கண்காட்சிக்கு வருகிறவர் விலையைக் கேட்டதும் பூட்டைக் கீழே வைப்பார். காலையிலிருந்து அரம் போடுவதைப் பார்த்தவர் அப்படி வைப்பதில்லை. வாங்காவிட்டாலும், "இவ்வளவு வேலைக்கு இது நியாயந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தைக்கே பலகையைச் சுமந்துகொண்டு போகலாம்.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து வாங்கியது. அதே ஆண்டில் எங்கள் மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. வேறெங்கோ செய்ததைத் திண்டுக்கல் பூட்டு என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்பதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு அது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற காலத்தில் அரம் பிடிக்க ஆள் இருக்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை. பட்டறைக்கார வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. என் பிள்ளைகளையே படிக்கவைத்துத்தான் அனுப்பினேன்.

அப்படியானால் இந்தக் கைமுறை எங்கே போய்ச் சேர வேண்டும்? வளாகத்துக்குள் போகட்டும் என்பது என் பதில். 2022 நவம்பர் 11-ஆம் தேதி காந்திகிராமத்தின் 36-ஆவது பட்டமளிப்பு விழாவில் பிரதமர் வந்து இளையராஜாவுக்கும் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கினார். பட்டறையில் அரத்தை நிறுத்திவிட்டு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். விரலால் ஒரு வித்தையைக் காலமெல்லாம் பழகிய ஒருவருக்குப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்ததைப் பார்க்கையில் நெஞ்சு நிறைந்தது. அதே வளாகத்தில் அரமும் ஒரு பாடமாக இருக்க முடியும். லீவர் பூட்டில் நெம்புகோல் இருக்கிறது, ஸ்பிரிங்கின் விசை இருக்கிறது, அந்தப் பெண் போட்டுக் காட்டிய பெருக்கல் இருக்கிறது, பித்தளைக்கும் இரும்புக்கும் உள்ள தேய்மான வித்தியாசம் இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க நடத்தலாம்.

அதனால் இப்போதெல்லாம் கல்லூரியிலிருந்து அழைத்தால் என் பக்கத்துக் கோரிக்கைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சால்வை வேண்டாம். நிழலான இடமும் அசையாத தரையும் வேண்டும். காலை முதல் மாலை வரை என்னோடு பலகையில் நிற்க இரண்டு மாணவர்கள் வேண்டும். அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அப்படி என்னோடு நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் நாகல் நகருக்கே தேடிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமைகளில் வந்து பழகுகிறார்கள். எட்டு லீவருக்கும் தகடு வெட்டி, துளை போட்டு, திறப்பை ராவி முடித்துவிட்டார்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடும் பழக்கம் ஒருவனுக்கு நன்றாக வந்துவிட்டது. இன்னொருவனுக்கு இன்னும் வலது கை சாய்கிறது; வைஸைக் கொஞ்சம் இறக்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஸ்பிரிங் வளைப்பது அடுத்த வாரம். சாவி கடைசியில்.